காளான் பவளங்களில் பால் மாற்றம்

காளான் பவளங்கள் ஃபங்கிடே குடும்பத்தைச் சேர்ந்த கடல்வாழ் முதுகெலும்பிலிகள் ஆகும். பெரும்பாலான பவளங்கள் எண்ணற்ற பாலிப்புகள் இணைந்த கூட்டங்களாக வாழ்கின்றன. காளான் பவளங்களுள் பல, வளர்ந்தபின் பாறையில் ஒட்டாமல் தனித்த ஒற்றைப் பாலிப்பாகக் கடலடியில் கிடக்கின்றன.

ஜப்பானின் ஒகினாவாவில் யோசி லோயா, கசுகிகோ சக்காய் ஆகியோர் ஆய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரை, இவற்றுள் இரண்டு இனங்கள் பால் மாறுவதைக் காட்டியது. ஃபங்கியா ரெபாண்டா இனத்தில் சிறியவை ஆண்களாக இருந்து, வளர்ந்தபின் பெண்களாகின்றன. டெனாக்டிஸ் எக்கினாட்டா இனத்தில் பெண் மீண்டும் ஆணாவதும் உண்டு.

முட்டை உருவாக்க விந்தணுவைவிட மிகுதியான ஆற்றல் தேவை; சிறிய உடலுக்கு அது கடினம். ஆகவே பெரிய பவளங்கள் அழிந்தால் முட்டையிடும் பெண்களே முதலில் குறையும்.