தண்டு வலித்த மங்கையர்

போடிநாயக்கனூரில் வாழும் நமக்குப் படகு என்றவுடன் தேக்கடிதான் நினைவுக்கு வரும். பள்ளிச் சுற்றுலாவில் விசைப்படகில் ஏறி, கரையில் யானை தெரிகிறதா என்று கண்கள் பூத்துப்போகப் பார்த்தவர்கள் நம்மில் பலர். மற்றபடி நம் ஊர் படகுக்கு உரிய ஊர் அன்று. குரங்கணி மலையிலிருந்து பாறைகளில் துள்ளி இறங்கும் கொட்டகுடி ஆறு, மழை குறைந்தால் மணலும் கல்லுமாகக் கிடக்கும். ஆகவே, படகு வலிப்பது ஒரு பல்கலைக்கழக விளையாட்டு என்றும், அதில் இடம் பெறுவதற்குப் பெண்கள் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் காத்திருந்தார்கள் என்றும் சொன்னால் நமக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

முதலில் அந்தப் படகைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நம் ஊர்ப் பரிசலைப் போல அது வட்டமானதன்று. மீன்பிடிக்கும் வள்ளத்தைப் போல அகலமானதும் அன்று. எட்டுப் பேர் வலிக்கும் பந்தயப் படகு ஏறத்தாழ 18 மீட்டர் நீளம் இருக்கும்; அகலமோ ஓர் ஆள் உட்காரும் அளவுதான். இத்தனை நீளமான படகின் எடை 100 கிலோவுக்கும் குறைவு! எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு நீண்ட தண்டு. நான்கு தண்டுகள் ஒரு பக்கம், நான்கு மறுபக்கம். முன்னே வருவது என்ன என்று பார்ப்பவர் ஒன்பதாவது ஆளாகிய சுக்கானி ஒருவரே. அவர் தண்டு வலிப்பதில்லை. சுக்கானைத் திருப்புவதும், தாளம் தவறாமல் குரல் கொடுப்பதும், யார் சோர்ந்தாலும் தூண்டுவதும் அவர் வேலை. எடை குறைந்தவராக இருந்தால் நல்லது.

பார்ப்பவருக்கு இது கைகளின் வேலையாகத் தோன்றும். உண்மையில் பெரும் பங்கு கால்களுடையது. உட்காரும் பலகை சக்கரங்களின்மேல் முன்னும் பின்னும் ஓடும். முழங்காலை மடக்கி முன்னே வந்து, தண்டை நீரில் அழுத்தி, கால்களால் உதைத்துப் பின்னே போக வேண்டும். கால்வலிமைதான் முதல் தேவை என்றால், ஏலத்தோட்டத்துச் சரிவுகளில் நாள்தோறும் ஏறி இறங்கும் நம் தாய்மார்களுக்கு அதில் குறைவா என்ன?

இனி வரலாற்றுக்கு வருவோம். இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியில் ஒன்றாகப் படித்த நண்பர் இருவர், ஒருவர் ஆக்ஸ்போர்டுக்கும் மற்றவர் கேம்பிரிட்ஜுக்கும் படிக்கச் சென்றனர். ஒருவர் சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த். புகழ்பெற்ற கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி மகன். மற்றவர் சார்லஸ் மெரிவேல். இவர்கள் முயற்சியால் 1829-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் தேம்ஸ் நதியில், ஹென்லி என்னும் ஊரில், இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே முதற் பந்தயம் நடந்தது. ஆக்ஸ்போர்டு வென்றது. 1836-இல் நடந்த இரண்டாம் பந்தயத்தில் கேம்பிரிட்ஜ் படகில் வெளிர்நீல நாடா ஒன்றைக் கட்டினார்களாம். இன்றுவரை அதுவே அவர்கள் நிறம். 1856 முதல் பந்தயம் ஆண்டுதோறும் நடக்கலாயிற்று. உலகப் போர்க் காலங்களில் தடைப்பட்டது. பிறகு நிலைபெற்ற பாதை, லண்டன் நகரில் புட்னியிலிருந்து மோர்ட்லேக் வரை 6.8 கிலோமீட்டர். போடியிலிருந்து தேனிக்குப் போகும் தூரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதை 17, 18 நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள். 1912-இல் அலையும் காற்றும் மிகுந்து இரண்டு படகுகளுமே மூழ்கியதும் உண்டு.

இந்தக் கதை முழுவதிலும் பெண்கள் எங்கே? கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென்று ஏற்பட்ட நியூன்ஹாம் கல்லூரியில் 1893-லேயே படகுக் கழகம் அமைந்துவிட்டது. ஆனால் கரையில் நிற்பவர்கள் பார்ப்பார்களே என்பதுதான் பெரியவர்களின் கவலை. பாவாடை கணுக்காலை மறைக்க வேண்டும் என்று இருந்த காலத்தில் முழங்காலை மடக்கி நீட்டி வலிப்பதை எப்படி ஒப்புவார்கள்? வேகமாக வலிப்பது பெண்ணுக்கு அழகன்று. அழகாக வலிப்பதே தகும் என்று கருதினார்கள்.

ஆக்ஸ்போர்டு மாணவியரும் கேம்பிரிட்ஜ் மாணவியரும் முதன்முதலாக 1927-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் போட்டியிட்டனர். ஆக்ஸ்போர்டு நகரின் வழியே ஓடும் தேம்ஸ் நதிக்கு அங்கே ஐசிஸ் என்று பெயர். அதில் அரை மைல் தூரம்தான் பந்தயம். இரு படகுகளும் ஒருசேர நீரில் இறங்கக் கூடாது என்று விதித்தார்கள்! எனவே ஒரு படகு போய் வந்த பிறகே மற்றது போயிற்று. எவருடைய வலிப்பு அழகாக இருக்கிறது என்று நடுவர்கள் பார்த்தார்கள், நேரத்தையும் குறித்தார்கள். அழகில் உயர்வு தாழ்வு சொல்ல முடியாமற்போகவே, கடைசியில் கடிகாரமே தீர்ப்புக் கூறிற்று. ஆக்ஸ்போர்டு மாணவியர் வென்றனர். கரையில் கூடிய கூட்டத்தில் வாழ்த்தியவர்களைவிட எதிர்ப்பைக் காட்ட வந்தவர்களே மிகுதி என்று அக்காலச் செய்திகள் கூறுகின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. அன்று கேம்பிரிட்ஜின் பெயரால் தண்டு வலித்த மாணவியருக்கு அந்தப் பல்கலைக்கழகம் முழு உரிமையுள்ள பட்டம் வழங்கவில்லை. ஆக்ஸ்போர்டு 1920-இல் வழங்கத் தொடங்கியிருந்தது. கேம்பிரிட்ஜ் 1948-இல்தான் வழங்கிற்று. தன்னை உறுப்பினராக ஏற்காத பல்கலைக்கழகத்துக்காக வியர்வை சிந்தினார்கள் அந்தப் பெண்கள்.

இரு படகுகளும் அருகருகே ஓடிய பந்தயம் 1935-இல் நடந்தது. இடையில் சில ஆண்டுகள் நின்றும் தொடங்கியும் போய், 1964 முதல் ஆண்டுதோறும் நடந்து வருகிறது. (2020-இல் கொரோனாத் தொற்றினால் இரு பந்தயங்களுமே நடைபெறவில்லை.) 1981-இல் சூசன் பிரவுன் என்னும் மாணவி, ஆக்ஸ்போர்டு ஆண்கள் படகுக்கே சுக்கானியாக அமர்ந்தார். அந்தப் பந்தயத்தில் இடம் பெற்ற முதற் பெண் அவரே. எட்டு ஆண்களும் அவர் சொற்படி வலித்து, எட்டுப் படகு நீளம் முந்தி வென்றார்கள்.

ஆயினும் பெண்களின் பந்தயம் லண்டனுக்கு வரவில்லை. வேறு ஊரில், வேறு நாளில், குறுகிய தூரத்தில், போதிய பொருளுதவியின்றி நடந்துகொண்டிருந்தது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள்தான் பெண்களும் ஆண்களும் ஒரே நாளில் ஒரே பாதையில் 6.8 கிலோமீட்டரும் வலித்தார்கள். அவ்வளவு தூரம் பெண்களால் ஆகுமா என்ற ஐயத்துக்கு மறு ஆண்டே விடை கிடைத்தது. 2016 பந்தயத்தின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜ் மாணவியரின் படகில் அலையடித்து நீர் நிறைந்துவிட்டது. உடல் பாதி நீரில் அமிழ்ந்த நிலையிலும் அவர்கள் கரை ஒதுங்கவில்லை. வெகு பின்னால் வந்தாலும் எல்லையைத் தொட்டார்கள். அதற்கும் அடுத்த ஆண்டு அதே பல்கலைக்கழக மாணவியர் 18 நிமிடம் 33 நொடியில் வந்து வென்றனர்.

ஒலிம்பிக்கிலும் இதே கதைதான். 1976-இல் மான்ட்ரியலில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. ஆனால் ஆண்களுக்கு 2,000 மீட்டர், பெண்களுக்கு 1,000 மீட்டர். 1988-இல்தான் தூரம் சமமாயிற்று.

நம் நாட்டில் இந்த விளையாட்டு ஆங்கிலேயரோடு வந்தது. கொல்கத்தாவில் 1858-லும் சென்னையில் 1867-லும் படகுக் கழகங்கள் அமைந்தன. சென்னைக் கழகத்தினர் அடையாற்றில் பழகிவருகிறார்கள். 1898-இல் தொடங்கிய சென்னை–கொழும்புப் பந்தயத்தில் இப்போது பெண்களும் போட்டியிடுகிறார்கள். ஆனால் கடல் தாண்டி வந்தவர்கள் கற்பித்துத்தான் நாம் படகு வலித்தோம் என்று எண்ணிவிடலாகாது. நம் மலைக்கு அப்பால், ஆலப்புழையில், நூறு பேர் வலிக்கும் பாம்புப் படகுகள் உண்டு. 1952-இல் பிரதமர் நேரு அவர்கள் வந்தபோது அவருக்காக ஒரு பந்தயம் நடத்தினார்கள். அதுவே பின்னர் நேரு கோப்பைப் பந்தயமாயிற்று. அதில் தெக்கனோடி என்னும் வகைப் படகுகளை வலிப்பவர்கள் பெண்களே.

1982 தில்லி ஆசிய விளையாட்டின்போது படகுப் போட்டிகள் ஜெய்ப்பூர் அருகே ராம்கர் ஏரியில் நடந்தன. நீர்வரத்து வழிகள் அடைபட்டுப் பின்னாளில் அந்த ஏரியே வற்றிவிட்டது. கண்மாய்களை நம்பி வாழும் நமக்கு இது புரியாத செய்தியன்று. அதே ராஜஸ்தானத்து வறண்ட மாவட்டமொன்றில் பிறந்து, படையில் சேர்ந்தபின் தண்டு பிடிக்கக் கற்ற பஜ்ரங் லால் தாக்கர், 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் படகில் தங்கம் வென்றார். அந்தப் போட்டிகளிலேயே ஒடிசாவைச் சேர்ந்த பிரதிமா புஹானா, பிரமிளா பிரவா மின்ஸ் என்னும் இரு பெண்கள் இருவர் படகில் வெண்கலம் பெற்றனர். ஆகவே ஆற்றங்கரையில் பிறந்தால்தான் ஆகும் என்பதில்லை.

ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும்: நீச்சல். இங்கிலாந்தில் புதிதாய்ப் படகேற வருபவர், உடுத்திய உடையோடு 50 மீட்டராவது நீந்திக் காட்ட வேண்டும் என்பது வழக்கம். நீச்சல் தெரிந்தால் மட்டும் போதாது. 2022 மே மாதம் கொல்கத்தாவின் ரவீந்திர சரோவரில் பயிற்சி செய்துகொண்டிருந்த பள்ளி மாணவர் இருவர் புயற்காற்றில் படகு கவிழ்ந்து உயிரிழந்தனர். துணைக்கு மீட்புப் படகும் வானிலை அறிவிப்பும் வேண்டும். நமக்குப் பழக்கமான தேக்கடியிலேயே 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் சுற்றுலாப் படகு ஒரு பக்கம் சாய்ந்து கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். படகில் ஏறினால் உயிர்காப்புச் சட்டை அணிவதும், காட்சி பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் ஓடாதிருப்பதும் நம் கையில் உள்ளவை.

கோடை விடுமுறையில் நம் ஊர்ச் சிறுவர்கள் தோட்டத்துக் கிணறுகளில் குதித்துக் குதித்தே நீந்தப் பழகிவிடுகிறார்கள். சிறுமியர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அவர்கள் துணிகளுக்குக் காவல் இருக்கிறார்கள். பார்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்ற அதே ஐசிஸ் நதிக்கரைக் கவலைதான் இங்கும்! நீந்தத் தெரிந்த அம்மாவோ அத்தையோ உடன் இறங்க, இடுப்பில் உலர்ந்த சுரைக்குடுக்கையோ காற்றடைத்த டியூபோ கட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத விடியற்காலையில், படிக்கட்டுள்ள கிணற்றில் பழகலாம். ஒரு விடுமுறைக் காலம் போதும்.