உடலசைவு நிகழ்பட ஆட்டங்களும் சிறுவர் உடற்பருமனும்

உடலசைவு நிகழ்பட ஆட்டம் என்பது விரல்களால் பொத்தானை அழுத்தி ஆடுவதற்கு மாறாக, கை, கால், இடுப்பு என உடல் முழுவதையும் அசைத்து ஆட வேண்டிய வீடியோ கேம் ஆகும். இதனை எக்சர்கேம் என்றும் அழைப்பர். திரைக்கு முன் நிற்கும் சிறுவன் குதித்தால் திரையில் உள்ள உருவமும் குதிக்கும். கையை வீசினால் திரையில் பந்து பறக்கும். கருவி இந்த அசைவைக் கேமரா, காலடி விரிப்பு, கையில் பிடிக்கும் உணரி ஆகியவற்றுள் ஒன்றால் அறிந்துகொள்கிறது.

எடை மிகுந்த சிறுவர்களை இயங்க வைக்க இவ்வாட்டங்கள் உதவுமா என்பதை மருத்துவ ஆய்வாளர்கள் 2000-களின் நடுப்பகுதியிலிருந்து ஆராய்ந்து வருகின்றனர். கருவியை வீட்டில் வைத்ததோடு நின்ற ஆய்வுகளில் பயன் சிறிதாகவோ இல்லாமலோ இருந்தது. ஆடும் நேரம், உடன் நிற்கும் ஆள், உணவு ஒழுங்கு ஆகியவற்றோடு ஆட்டத்தை இணைத்த ஆய்வுகளில் பயன் கூடுதலாகத் தெரிந்தது.

தோற்றம்

1986-இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் நின்டெண்டோ கருவிக்காகக் காலால் மிதித்து ஆடும் விரிப்பு ஒன்றை வெளியிட்டது. 1998-இல் கொனாமி நிறுவனத்தின் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூசன் வந்த பிறகே இவ்வகை ஆட்டம் உலகெங்கும் பரவியது. இசைக்கு ஏற்பத் திரையில் அம்புக்குறிகள் எழும். அதே திசையில் விரிப்பை மிதிக்க வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் தன் 765 அரசுப் பள்ளிகளிலும் இதனை வைக்கப்போவதாக 2006-இல் அறிவித்தது. அதே ஆண்டில் நின்டெண்டோவின் வீ கருவியும், 2010-இல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கேமராவும் வெளிவந்தன. கினெக்டின் உற்பத்தி 2017-இல் நிறுத்தப்பட்டது. இத்துறையின் முக்கிய ஆய்வுகள் சில, இன்று கடையில் கிடைக்காத கருவிகளை வைத்து நடத்தப்பட்டவை என்பதை வாசகர் நினைவில் கொள்வது நல்லது.

திடலுக்கு வராத பிள்ளை

"வெளியே போய் விளையாடச் சொல்லலாமே, இதற்கு எதற்குத் திரை?" என்ற கேள்வி இயல்பானது. பருமனான பிள்ளைக்கு விளையாட்டுத் திடல் எப்படிப்பட்ட இடம் என்று பார்த்தால் விடை ஓரளவு விளங்கும். அணி பிரிக்கும்போது கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவன் அவன்தான். ஓட்டத்தில் கடைசியாக வருவதும், மூச்சிரைக்க நிற்பதும், "குண்டு", "பூசணி" என்று பட்டப்பெயர் வாங்குவதும் அவன்தான். சில வாரங்களில் அவன் உடற்கல்வி வகுப்பன்று வயிற்றுவலி என்பான். பிறகு திடலின் பக்கமே போகமாட்டான். இயக்கம் குறையக் குறைய எடை கூடும், எடை கூடக் கூடத் திடலின் மேல் அச்சம் கூடும். பெண் பிள்ளைகளுக்குப் பருவ வயதை ஒட்டி இந்த விலகல் இன்னும் விரைவாக நடக்கிறது. ஆடையும் ஊரார் பார்வையும் அங்கே சேர்ந்துகொள்கின்றன.

அறைக்குள் ஆடும் ஆட்டத்தில் வேடிக்கை பார்ப்பவர் இல்லை. தோற்றாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். முதல் கட்டம் எளிதாக இருக்கும், திறமை கூடும்போதுதான் கடினமாகும். எனவே இவ்வாட்டத்தின் மதிப்பை அது எரிக்கும் கலோரியை வைத்து மட்டும் அளப்பது சரியன்று. இயங்கினால் அவமானம் வரும் என்று பழகிப்போன ஒரு பிள்ளைக்கு, இயங்குவதில் இன்பமும் உண்டு என்று மறுபடி அறிமுகம் செய்யும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

தமிழ்நாட்டு நிலை

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, ஆரஞ்சு எனப் பெயரிட்ட திட்டத்தின் கீழ் நகரின் 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயதுக்குட்பட்ட 18,955 மாணவர்களை ஆராய்ந்தது. 2014-இல் வெளியான அதன் முடிவின்படி, பன்னாட்டு அளவுகோலில் தனியார் பள்ளி மாணவருள் 21.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். அரசுப் பள்ளிகளில் அது 3.6 விழுக்காடு. ஒரே நகரத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பது, உணவும் திரையும் வாகன வசதியும் எந்த வீட்டில் மிகுதி என்பதைக் காட்டுவதாகக் கொள்ளலாம்.

இந்தியக் குழந்தைகளுக்குத் தனி அளவுகோலும் உண்டு. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில், பெரியவர்களின் உடல் நிறை குறியீட்டெண் 23-க்கு இணையான கோட்டைத் தாண்டினால் மிகை எடை, 27-க்கு இணையான கோட்டைத் தாண்டினால் உடற்பருமன். மேல்நாட்டு அளவுகளான 25, 30 ஆகியவற்றைவிட இவை குறைவு. ஒரே எடையிலும் உயரத்திலும் இந்தியர் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருப்பதும், நீரிழிவு முன்கூட்டியே வருவதும் இதற்குக் காரணம்.

5 முதல் 17 வயதுடையோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை.

எவ்வளவு ஆற்றல் செலவாகிறது?

உடலியக்கத்தின் கடுமையை மெட் என்னும் அலகால் அளப்பர். அசையாமல் உட்கார்ந்திருப்பது 1 மெட். பெரியவர்களுக்கான 2011-ஆம் ஆண்டு அட்டவணை உடலசைவு ஆட்டங்களை மூன்றாகப் பிரிக்கிறது: மெதுவானவை 2.3, நடுத்தரமானவை 3.8, நடன ஆட்டம் போன்ற கடுமையானவை 7.2 மெட். எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. மணிக்கட்டை மட்டும் சுழற்றி ஆடும் பந்துருட்டு ஆட்டம் உடற்பயிற்சிக் கணக்கில் வராது. காலும் இடுப்பும் சேர்ந்து இயங்கும் நடனமும் குத்துச்சண்டையும் வரும்.

இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்து 2007-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், 13 முதல் 15 வயதுடைய 11 பேர் வீ ஆட்டங்களை ஆடினர். உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தைவிடக் குறைந்தது 51 விழுக்காடு கூடுதல் ஆற்றல் செலவாயிற்று. ஆனால் அதே விளையாட்டை உண்மையாக ஆடும்போது ஆகும் செலவை அது எட்டவில்லை.

இதை வீட்டுக் கணக்காகப் பார்க்கலாம். 45 கிலோ எடையுள்ள சிறுவன் நடுத்தர ஆட்டம் ஒன்றை 20 நிமிடம் ஆடினால் ஏறத்தாழ 55 முதல் 60 கிலோகலோரி செலவாகும். 200 மி.லி. இனிப்புக் குளிர்பானத்தில் இருப்பது சுமார் 80 முதல் 90 கிலோகலோரி. ஆடி முடித்த பிள்ளைக்குப் பரிசாக ஒரு புட்டிக் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2012-இல் வெளியான ஆய்வில், வீ கருவி இல்லாத பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தனர். ஒரு பிரிவினருக்கு உடலசைவு ஆட்டங்கள், இன்னொரு பிரிவினருக்கு உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள். ஆடச் சொல்லி வற்புறுத்தவில்லை. இடுப்பில் கட்டிய அளவி 13 வாரத்தில் இரு பிரிவினரின் இயக்கத்திலும் வேறுபாடு காட்டவில்லை. ஆட்டத்தில் ஓடியதை மற்ற நேரத்தில் ஓய்வெடுத்து ஈடுகட்டினார்களோ, அல்லது ஆட்டத்தையே மெதுவாக ஆடினார்களோ, வேறுபாடு எழவே இல்லை.

நியூசிலாந்தில் 2011-இல் வெளியான ஆய்வு பெரியது. மிகை எடையும் பருமனும் கொண்ட, 10 முதல் 14 வயதுடைய 322 பிள்ளைகள் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் வீட்டில் பிளேஸ்டேசன் ஏற்கெனவே இருந்தது. பாதிப் பேருக்கு அதனோடு பொருத்தும் கேமராவும் உடலசைவு ஆட்டங்களும் தரப்பட்டன. 24 வாரத்துக்குப் பின் மற்றப் பிரிவினரோடு ஒப்பிடுகையில் உடல் நிறை குறியீட்டெண் 0.24 குறைவாக இருந்தது. சிறிய எண்தான். ஆயினும் உட்கார்ந்து ஆடிய நேரத்தின் ஒரு பகுதி, நின்று ஆடும் நேரமாக மாறியது கவனத்துக்குரியது.

இத்துறையில் ஊக்கம் தரும் முடிவு 2014-இல் வந்தது. அமெரிக்காவில் எடை மேலாண்மைத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்த 75 பிள்ளைகளுள் ஒரு பிரிவினருக்கு மட்டும் எக்ஸ்பாக்ஸும் கினெக்டும் ஆட்டங்களும் கூடுதலாகக் கொடுக்கப்பட்டன. உணவு அறிவுரையும் குடும்பக் கூட்டமும் இரு பிரிவினருக்கும் பொது. 16 வாரத்தில் ஆட்டம் பெற்றவர்களின் அன்றாட இயக்கம் 7.4 நிமிடம் கூடியது, மற்றவர்களிடம் கூடவில்லை. வயதுக்கேற்பச் சீர்செய்த குறியீட்டெண் ஆட்டப் பிரிவில் 0.25-உம், மற்றப் பிரிவில் 0.11-உம் குறைந்தது. அதாவது இரு மடங்குக்கு மேல்.

லூசியானாவில் 2018-இல் வெளியான கேம்ஸ்குவாட் ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. 8 முதல் 12 வயதுடைய 46 பிள்ளைகளுள் பாதிப் பேருக்கு வாரம் மூன்று மணி நேர ஆட்ட அட்டவணை தரப்பட்டது. வீட்டார் ஒருவரோ நண்பரோ கூட ஆட வேண்டும். பயிற்சியாளர் ஒருவர் காணொளி அழைப்பில் வந்து "இந்த வாரம் எப்படிப் போனது?" என்று விசாரிப்பார். கொடுக்கப்பட்ட ஆட்ட அமர்வுகளில் 94.4 விழுக்காட்டைப் பிள்ளைகள் முடித்தனர். குறியீட்டெண் அவர்களுக்கு 3 விழுக்காடு குறைந்தது, மற்றவர்களுக்கு 1 விழுக்காடு கூடியது. ஹூஸ்டனுக்கும் லூசியானாவுக்கும் கருவியில் வேறுபாடு உண்டு என்றாலும், பெரிய வேறுபாடு விசாரிக்க ஓர் ஆள் இருந்ததே எனக் கருத இடமிருக்கிறது.

புதுமை தேய்வதும் உண்மை. தெருவில் நடந்து ஆடும் போக்கிமான் கோ பற்றிய 2016-ஆம் ஆண்டு ஆய்வில், அமெரிக்க இளைஞர்கள் முதல் வாரத்தில் நாளுக்கு 955 அடிகள் கூடுதலாக நடந்தனர். ஆறாவது வாரத்தில் அந்தக் கூடுதல் மறைந்துவிட்டது.

சென்னையின் நடன வழி

மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, விலை மிகுந்த கருவி ஏதுமின்றி இதே கொள்கையைக் கையாண்டது. தாண்டவ் என்னும் அதன் திட்டத்தில் பருவ வயதுப் பெண்களுக்காக 10 நிமிட நடனப் பயிற்சி வகுக்கப்பட்டது. கடுமையான அசைவும் சிறு ஓய்வும் மாறி மாறி வருமாறு அது அமைக்கப்பட்டது. பிடித்த பாட்டு, குறைந்த நேரம், வீட்டுக்குள்ளேயே ஆடும் வசதி என நடன வீடியோ கேமின் கவர்ச்சிகள் அனைத்தும் இதில் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதுவே எளிதில் கைவசப்படும் வழி எனலாம்.

சிற்றூர் வீடுகளில்

மேற்கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் மேல்நாட்டு நகரங்களிலும் சென்னையிலும் நடந்தவை. காரைக்குடியை அடுத்த அரியக்குடி போன்ற ஓர் ஊரில் இவற்றை எப்படிப் பொருத்துவது? சிவகங்கை மாவட்டத்தில் சித்திரை, வைகாசி வெயிலில் நண்பகலில் பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மாலை மழை. பள்ளி நாட்களில் மாலைப்பொழுதைத் தனிவகுப்பு எடுத்துக்கொள்கிறது. இத்தகைய நேரங்களில்தான் திரை ஆட்டம் பொருந்தும். வெயில் தாழ்ந்த மாலையில் கிளித்தட்டும் பாண்டியும் கபடியும் அதைவிட மேலானவை.

தனிக் கருவி கட்டாயமில்லை. கைப்பேசியையே கையில் பிடித்து, தொலைக்காட்சியில் ஓடும் நடனத்தைப் பின்பற்றி ஆடும் ஜஸ்ட் டான்ஸ் நவ் போன்ற செயலிகள் உண்டு. திரையில் ஒருவர் ஆடுவதைப் பார்த்துத் தாமும் ஆடும் காணொளியும் போதும். ஒருவர் ஆடத் திரைக்கு முன் ஆறடி வெற்றிடம் வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் பட்டாலையிலோ வளவிலோ இதற்குக் குறைவில்லை; ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அத்தகைய வீட்டில் வசிப்பதில்லை, சிறிய வீட்டில் கட்டிலை நகர்த்தினால் இடம் கிடைக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழவழப்பானது என்பதால் காலுறையோடு ஆடக்கூடாது. ஈரம் இருந்தால் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

ஆட்டத்துக்கான நேரத்தை ஏற்கெனவே உள்ள திரை நேரத்திலிருந்து எடுக்க வேண்டும். கார்ட்டூன் ஒரு மணி, அதற்கு மேல் ஆட்டம் அரை மணி என்றால் திரை நேரம்தான் கூடும். அப்பத்தாவோ அண்ணனோ கூட நின்று ஆடினால் பிள்ளை நீண்ட நாள் தொடரும். ஆடியதற்குக் கைமாறாகச் சீடையும் தேன்குழலும் தட்டில் வரக்கூடாது. வளரும் பிள்ளைக்கு எடை குறைந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மிதமான பருமனில், உயரம் கூடும்வரை எடை ஏறாமல் நின்றாலே குறியீட்டெண் இறங்கிவிடும். வாரந்தோறும் எடைக் கருவியில் நிறுத்தி முகம் சுளிப்பது, திடலில் கிடைத்த அதே அவமானத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதாகும்.

கவனிக்க வேண்டியவை

ஆஸ்துமா, இதயக் கோளாறு, ஒளி மின்னலால் தூண்டப்படும் வலிப்பு ஆகியவை உள்ள பிள்ளைகள் மருத்துவரைக் கேட்டபின் ஆட வேண்டும். தொடக்கத்தில் 10 நிமிடம் போதும். மூச்சுவிட்டுப் பேச முடியாத அளவுக்கு இரைத்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தாகத்துக்குத் தண்ணீரோ நீர்மோரோ தரலாம்.

பருமனான 10 முதல் 15 வயதுப் பிள்ளை முழங்கால் வலி அல்லது தொடை வலி என்று சொல்லி நொண்டி நடந்தால், ஆடிய அலுப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்து விட்டுவிடக்கூடாது. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும் நோய் இவ்வயதில், எடை மிகுந்தவர்களிடம்தான் அதிகம் வருகிறது; வலி இடுப்பில் தெரியாமல் முழங்காலில் மட்டும் தெரிவதும் உண்டு. அந்நிலையில் ஆட்டத்தை அன்றே நிறுத்தி, காலை ஊன்ற விடாமல் எலும்பு மருத்துவரிடம் கொண்டுசென்று இடுப்புக்கு எக்ஸ்-ரே எடுக்க வேண்டும்.