துணிக் கூரையில் குடோன் போடலாமா?

தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் நாட்களில் தாம்பரம் மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை. கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. வாடகைக்குக் குடோன் கேட்டால் பதினோரு மாத ஒப்பந்தம், பத்து மாத அட்வான்ஸ் என்பார்கள். நமக்கு வேண்டியதோ மூன்று மாதம். ஊரப்பாக்கம், படப்பை பக்கம் காலி மனை வைத்திருக்கும் சிலர், அதில் 'டென்சைல் ஷெட்' போட்டால் என்ன என்று கேட்டு வருகிறார்கள். போடலாம். ஆனால் பந்தல் போடுவதாக நினைத்துப் போட்டால் சரக்கும் போகும், முதலும் போகும்.

இந்தக் கூரையைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் 2011-ல் திறந்த புதிய மாடங்களுக்கு மேல் வெள்ளையாக விரிந்திருப்பது இதுதான். ஹஜ் சென்று வந்த அன்பர்கள் ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தில் இதன் கீழ் காத்திருந்திருப்பார்கள். அது 1981-ல் கட்டியது. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஃபிரை ஓட்டோ 1955-ல் காசெல் நகரப் பூங்காவில் போட்ட சிறிய இசைப் பந்தல், இந்த வித்தையை உலகம் கவனிக்க வைத்தவற்றுள் ஒன்று.

ஆனால் நமக்குப் பாடம் மைதானத்தில் இல்லை. ஊருக்கு வெகு தொலைவில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் இடங்களில் இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா எண்ணெய் மணல் வயல்கள் போன்ற இடங்களில் உதிரி பாகங்கள் வைக்கவும், லாரி பழுது பார்க்கவும் துணிக் கட்டடங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஓரிடத்தில் துளை போட்டு முடிந்ததும் முழுப் பட்டறையும் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். அங்கே போய்ச் செங்கல், ஜல்லி இறக்கிக் கட்ட முடியுமா? இரண்டு கப்பல் கண்டெய்னர்களை எதிரெதிரே வைப்பார்கள். அவையே இரு பக்கச் சுவர். அவற்றின் மேல் வில் வில்லாக இரும்புக் குழாய்களைப் பொருத்தி, துணியை இழுத்துக் கட்டிவிடுவார்கள். விலை உயர்ந்த பொருள் கண்டெய்னருக்குள் பூட்டில் இருக்கும், மற்றவை நடுவில். வேலை முடிந்தால் அவிழ்த்து லாரியில் ஏற்றிவிடலாம். குத்தகை மனையில் தொழில் செய்யும் நமக்கும் தேவை இதே ஏற்பாடுதான்.

சாதாரணத் தார்ப்பாய்க்கும் இதற்கும் வேறுபாடு இழுப்பில் உள்ளது. தார்ப்பாய் தளர்வாகக் கிடக்கும். காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்து, கயிறு கோத்த கண்ணிகளில் கிழியத் தொடங்கும். பள்ளம் விழுந்த இடத்தில் மழைநீர் தேங்கிக் குடமாகத் தொங்கும். டென்சைல் துணி பாலியஸ்டர் நூலில் நெய்து, இரு பக்கமும் பி.வி.சி. பூசியது. அதை எல்லாத் திசையிலும் மத்தளத் தோல் போல் இழுத்து வைப்பதால் படபடப்பதில்லை, நீரும் நிற்பதில்லை. எடை சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்குள்தான். நல்ல துணி பத்துப் பதினைந்து ஆண்டு உழைக்கும். நாள் செல்லச் செல்ல இழுப்பு தளரும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, மழைக்காலத்துக்கு முன், முறுக்கிகளை இறுக்கிக் கொடுக்க வேண்டும். ஷெட் போட்டுக் கொடுப்பவர்கள் இதைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயலன்று என் கடையின் பின்புறம் போட்டிருந்த தார்ப்பாய்க் கொட்டகை காலையில் ஒரு திசைக் காற்றைத் தாங்கி நின்றது. தப்பித்தோம் என்று நினைத்தேன். பிற்பகலில் காற்று திசை மாறியது. கொட்டகை கம்பத்தோடு பெயர்ந்து பக்கத்து மாடியில் போய் விழுந்தது. கம்பங்களை ஒரு பக்கத்துக்கு மட்டும் முட்டுக் கொடுத்து நட்டிருந்தேன். துணி கிழியவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

கான்கிரீட் கூரை தன் எடையால் உட்கார்ந்திருக்கிறது. துணிக் கூரையோ பறக்கத் தயாராக இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 விதியில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் வருகிறது. 20 அடிக்கு 40 அடி ஷெட் என்றால் 74 சதுர மீட்டர். மொத்தம் ஏறத்தாழ 11 டன். கூரையின் வடிவத்தையும் பக்கங்கள் திறந்திருப்பதையும் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் நூறு கிலோ கூட எடையில்லாத துணியை மேலே தூக்கக் காத்திருக்கும் விசை டன் கணக்கில் என்பதை மனத்தில் வைக்க வேண்டும்.

40 அடி கண்டெய்னர் காலியாக 3.7 டன் அளவில் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஏழரை டன். உள்ளே சரக்கு இருந்தால் கவலை குறைவு. சரக்கு விற்றுக் காலியாகக் கிடக்கும் போது புயல் வந்தால் போதாது. நமக்குத் தீபாவளிச் சரக்கு தீருவதும் புயல் மாதம் தொடங்குவதும் ஒரே சமயம்! ஆகையால் கண்டெய்னரையும் தரையோடு பிணைக்க வேண்டும். பல்லாவரம், திரிசூலம் பக்கம் பாறை. துளை போட்டு போல்ட் இறக்கினால் பிடிக்கும். பெரும்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் சதுப்புக் களிமண்ணில் முளை அடித்தால் முதல் மழையில் நெகிழும். அங்கே கான்கிரீட் பாளங்களைப் புதைத்துத்தான் கட்ட வேண்டும். துணிக்கு மட்டும் விலை கேட்டுக் கொட்டேஷன் வாங்கும் அன்பர்கள், நங்கூரத்துக்கும் இன்ஜினீயரின் கையெழுத்திட்ட காற்றுக் கணக்குக்கும் சேர்த்துக் கேளுங்கள். பாதிப் பேர் அத்துடன் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

டைல்ஸ், பி.வி.சி. குழாய், பிளாஸ்டிக் சாமான், பாத்திரம், காலிப் பெட்டிகளுக்கு இந்த ஷெட் பொருந்தும். வெங்காயம், உருளைக்கிழங்குக்குப் பக்கங்களைத் திறந்து விட்டால் நிழலும் காற்றும் கிடைக்கும். பருப்பு, அரிசி, சிமெண்ட் வைக்க நான் சொல்லமாட்டேன். எலி கடிக்கும், விடியற்காலையில் துணியின் உட்புறம் நீர் வியர்த்துச் சொட்டும். திருடனுக்கு ஒரு பிளேடு போதும். 'நெருப்பே பிடிக்காது' என்று சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். நல்ல துணி தீயைப் பரவவிடாது, ஆனால் சூட்டில் உருகி ஓட்டை விழும்.

இனி முக்கியமான விஷயம். அகில இந்திய தீ காப்பீட்டுக் கட்டண விதிகள் பிளாஸ்டிக் துணி, கான்வாஸ், தார்ப்பாய் ஆகியவற்றால் ஆன சுவரோ கூரையோ உள்ள கட்டடத்தை ஓலைக் கொட்டகையோடு சேர்த்துக் 'கச்சா' வகையில் வைத்திருந்தன. 2007 முதல் கட்டணத்தைக் கம்பெனிகளே முடிவு செய்கின்றன என்றாலும், பாலிசி எழுதும்போது கட்டடம் பக்காவா கச்சாவா என்ற கேள்வி போகவில்லை. கச்சா என்றால் பிரீமியம் கூடும். சொல்லாமல் விட்டால் நஷ்ட ஈடு கேட்கும் நாளில் சர்வேயர் முன் தலை குனிய வேண்டி வரும். பாலிசியில் எழுதிய முகவரியில் உள்ள சரக்குக்குத்தான் பாதுகாப்பு என்பதால், புதிய ஷெட்டின் முகவரியையும் கூரை இன்னது என்பதையும் முதல் மூட்டை இறங்குவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். தற்காலிக ஷெட்டுக்கு அனுமதி தேவையா என்பதைத் தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

முடிச்சூர், வரதராஜபுரம் அன்பர்களுக்குத் தனியாக ஒன்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததையும் அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கண்டெய்னர் இரும்பாயிற்றே, அசையாது என்று எண்ண வேண்டாம். கதவு இறுக மூடிய காலி 40 அடி கண்டெய்னர், நீர் உள்ளே புகாதவரை, ஆழம் குறைந்த தண்ணீரிலேயே மிதக்கும். ஒரு பக்கச் சுவர் மிதந்தால் கூரை என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பகுதிகளில் தரையை உயர்த்திய பிறகே கண்டெய்னரை இறக்க வேண்டும். காலியாக விடும் மாதங்களில் இரு கதவுகளையும் திறந்து கொக்கி மாட்டி வைக்க வேண்டும்.