காற்றுச் செடி காற்றைக் குடிக்காது

மைசூரில் காற்றுச் செடிகள் சாவதற்கு இரண்டு பருவங்கள் உண்டு. மார்ச், ஏப்ரலில் காய்ந்து சாகும். ஐப்பசி மழையில் அழுகிச் சாகும். 'ஏர் பிளான்ட்' என்று பெயர் வைத்துவிட்டதால் காற்றே அதற்குச் சாப்பாடு என்று நம்பிவிடுகிறார்கள். முதல் சாவு அதனால். பாவமாயிருக்கிறதே என்று தினமும் தண்ணீர் தெளிக்கிறார்கள்; இரண்டாவது அதனால்.

டில்லாண்ட்சியா என்னும் இந்தப் பேரினம் அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மைசூர்க் கல்யாணப் பந்தியில் கொஜ்ஜாகப் பரிமாறப்படும் அதே அன்னாசிதான். சொந்த ஊர் அமெரிக்கக் கண்டங்கள். மரக்கிளை, பாறை, ஏன், மின்கம்பியில்கூட ஒட்டி வளரும். பெரு, சிலி நாடுகளின் கடலோரப் பாலைவனத்தில் வெறும் மணல்மேல் கிடந்து, கடல் மூடுபனியின் ஈரத்திலேயே பிழைக்கிற இனங்களும் உண்டு. மரத்தில் தொற்றியிருப்பதால் புல்லுருவி என்று நினைத்துவிட வேண்டாம். மரத்திடமிருந்து ஒரு சொட்டுகூட அது உறிஞ்சுவதில்லை. வேர் வெறும் பிடிமானத்துக்கு.

தண்ணீர் குடிப்பது இலைதான். வெள்ளி பூத்த ஓர் இலையில் ஒரு சொட்டு நீரை வைத்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். சொட்டு விழுந்த இடத்தில் சாம்பல் நிறம் மறைந்து, சில நொடிகளில் பச்சை தெரியும். இலை முழுக்க ட்ரைக்கோம் என்னும் நுண்ணிய செதில்கள். ஒவ்வொன்றின் மேல்தட்டும் செத்த செல்களால் ஆனது. நனைந்ததும் அது நீரை இழுத்து உப்பி, இலையோடு படிந்துகொள்ளும்; அடியிலுள்ள உயிருள்ள காம்புச் செல்கள் வழியே நீர் உள்ளே போகும். காய்ந்ததும் தட்டின் ஓரங்கள் நிமிர்ந்து, உள்ளே போன நீர் வெளியேறாமல் வழி அடைபடும். ஒருவழிக் கதவு.

நம் பக்கத்து மரங்களில் தொற்றி வளரும் வாண்டா ஆர்க்கிட்டில் இதே வேலையை வேர் செய்கிறது. அதன் வெள்ளை வேரை நனைத்தாலும் பச்சை தெரியும்; வெலாமன் என்ற வேர்ப்போர்வை நீரை உறிஞ்சிக்கொள்கிறது.

சிக்கல் எங்கே என்றால், செதில்கள் நனைந்து படிந்திருக்கும்வரை இலைக்குக் காற்றோட்டம் குறைகிறது. கள்ளிகளைப் போலவே டில்லாண்ட்சியாக்களும் பெரும்பாலும் இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்கின்றன. சாயங்காலம் நனைத்தால் ராத்திரி முழுக்க மூச்சுத் திணறும். ஆகவே காலையில் நனையுங்கள்: வாரம் ஒருமுறை, இருபது முப்பது நிமிடம் முழுதாக முக்கி எடுத்து, உதறி, தலைகீழாகக் கவிழ்த்து, மின்விசிறிக்கடியில் வைத்து நாலு மணி நேரத்துக்குள் காயவிட வேண்டும். என்னைக் கேட்டால், நனைப்பதைவிடக் காயவைப்பதில்தான் சாமர்த்தியம். கடைகளில் அழகுக்காகக் கண்ணாடி உருண்டைக்குள் அடைத்து விற்கிறார்களே, அதிலிருந்து முதலில் வெளியே எடுங்கள்.

சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கும் மைசூருக்குச் சென்னையின் கடற்காற்று ஈரம் கிடையாது. மாசி, பங்குனியில் வாரம் இருமுறை முக்கலாம். இலை நீளவாக்கில் குழாய்போலச் சுருண்டால் தாகம் என்று அர்த்தம். மழைக்காலத்தில் இலை விறைப்பாக இருந்தால் ஒரு வாரம் விட்டுவிடலாம். அடிப்பாகம் கறுத்து, நடு இலை இழுத்த இழுப்புக்குக் கையோடு வந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

மழைநீர் உத்தமம், குழாயில் வரும் ஆற்று நீரும் பரவாயில்லை. கெட்டிலில் வெள்ளைப் படிவு விடுகிற போர்வெல் நீர் செதில்களிலும் அப்படியே படியும். செம்புக் குடத்தில் ராத்திரி முழுக்க வைத்த தண்ணீர் நமக்கு நல்லது என்பார்கள். இந்தக் குடும்பத்துச் செடிகளுக்குச் செம்பு விஷம். செம்புக் கம்பியால் கட்டவும் கூடாது. குடகில் காப்பிக்கும் பாக்குக்கும் அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பதும் செம்புதான். பூஞ்சைக்கென்று இதன்மேல் தெளித்துவிடாதீர்கள்.

கடைகளில் அதிகம் கிடைக்கும் அயனாந்தா என்னும் இனம், பூக்கும்போது இலை சிவந்து ஊதாப் பூ விடும். பூத்த செடி மறுபடி பூக்காது, மெல்ல மெல்ல வாடும். அதற்குள் அடியில் பக்கக் கன்றுகள் வந்துவிடும். தாயில் மூன்றிலொரு பங்கு வளர்ந்தபின் பிரிக்கலாம். பிரிக்காமல் கொத்தாக விட்டால் இன்னும் அழகு, ஆனால் கொத்தின் நடுவே காய நேரம் பிடிக்கும். மழைக்காலத்தில் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும்.