வேலை விளம்பரம் கணிப்பொறியில் ஏறிய கதை

எங்கள் நாளில் வேலை தேடுவது என்றால் பாதி வேலை தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்பதுதான். டிப்ளமா முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து அட்டை வாங்க வேண்டும். காலம் தவறாமல் அதைப் புதுப்பிக்க வேண்டும். 1976 முதல் மத்திய அரசு வெளியிட்டு வரும் 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' வார இதழை நூலகத்தில் காத்திருந்து படிக்க வேண்டும். பிறகு கெஜட்டட் அதிகாரியின் கையொப்பம், போஸ்டல் ஆர்டர், சுயவிலாசமிட்ட உறை. விளம்பரம் கண்ணில் படுவதற்குள் கடைசித் தேதி கடந்துபோனவர்கள் எத்தனையோ பேர்.

இன்று கையிலுள்ள கைபேசியிலோ, பக்கத்து அக்ஷயா மையத்திலோ அரை மணியில் விண்ணப்பம் போய்விடுகிறது. இந்த மாற்றம் நம் நாட்டில் எப்படித் தொடங்கியது என்பதை நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லது. அதில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது.

சஞ்சீவ் பிக்சந்தானி என்பவர் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்துவிட்டு, ஹார்லிக்ஸ் தயாரித்த நிறுவனத்தில் பணியாற்றினார். அலுவலகத்துக்கு 'பிசினஸ் இந்தியா' இதழ் வரும். சக ஊழியர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவதை அவர் கவனித்தார். அங்கேதான் வேலை விளம்பரங்கள் இருந்தன. நல்ல வேலையில் இருப்பவரும் அடுத்த வேலையைப் பற்றிய செய்தியை விரும்பிப் படிக்கிறார் என்பது அவர் மனத்தில் பதிந்தது.

1990-ல் வேலையை விட்டார். தில்லியில் தந்தையின் வீட்டில், கார் கொட்டகைக்கு மேலிருந்த பணியாளர் அறைதான் அலுவலகம். தந்தைக்கு மாதம் ரூ.800 வாடகை. சம்பள நிலவரம் பற்றிய ஆய்வறிக்கைகள் விற்றுக் காலம் தள்ளினார். வீட்டுச் செலவைத் தாங்கியது மனைவியின் சம்பளம். இடையில் தொலைத்தொடர்புத் துறை 'வீடியோடெக்ஸ்' என்றொரு சேவைக்குத் திட்டமிட்டது. தொலைபேசிக் கம்பி வழியே தகவலைத் திரையில் காட்டும் ஏற்பாடு அது. வேலைவாய்ப்புத் தகவல் தொகுப்பைத் தான் தருவதாக இவர் முன்வந்தார். ஆனால் திட்டமே கைவிடப்பட்டது. யோசனை மட்டும் அவரிடம் தங்கியது.

15.8.1995 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு தில்லி பிரகதி மைதானத்தில் நடந்த கணிப்பொறிக் கண்காட்சியில் பிக்சந்தானி இணையத்தை முதன்முறையாகப் பார்த்தார். நாடு முழுவதும் அப்போது சுமார் 14,000 இணைப்புகளே இருந்தன. தளம் வைக்கும் கணிப்பொறியோ அமெரிக்காவில்தான் கிடைக்கும். அங்கே பேராசிரியராக இருந்த அண்ணனிடம் கேட்டு, மாதம் 25 டாலர் வாடகைக்கு ஏற்பாடு செய்தார். கையில் பணம் இல்லை. அண்ணனுக்கு 5 விழுக்காடு பங்கு கொடுத்தார். நிரல் எழுதித் தந்த நண்பருக்கும் பங்குதான்.

இங்கே ஒரு சிக்கல். வேலை இல்லாத தளத்துக்குத் தேடுபவர் வரமாட்டார். தேடுபவர் வராத தளத்துக்கு விளம்பரம் வராது. எது முதலில்? எங்கள் ரயில்வேயில் இதற்கு விடை எளிது. பயணி வருவாரா என்று பார்த்துவிட்டுத் தண்டவாளம் போடுவதில்லை. தண்டவாளம் போட்ட பிறகுதான் வண்டியும் பயணியும். அவரும் அப்படியே செய்தார். 29 செய்தித்தாள்களை வாங்கி, அவற்றில் வந்த 1,000 வேலை விளம்பரங்களைத் தட்டச்சு செய்து ஏற்றிய பிறகே, 1997-ல் 'நௌக்ரி' தளத்தைத் திறந்தார். பிறகு விளம்பரம் ஒன்றுக்கு ரூ.350 என்று நிறுவனங்களிடம் கேட்டார். முதல் ஆண்டு வருமானம் ரூ.2.35 லட்சம், இரண்டாம் ஆண்டு ரூ.18 லட்சம். 2000-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வென்சர் நிறுவனம் ஏழு கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு செய்தது. 2006-ல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இந்தக் கதையில் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது அந்த ரூ.350-ஐத்தான். அதைக் கொடுத்தவர் ஆள் தேடிய முதலாளி. வேலை தேடியவர் தம் விவரத்தைப் பதியக் காசு கொடுக்கவில்லை. நேர்மையான வேலைச் சந்தையில் ஆள் தேவைப்படுபவர்தான் விளம்பரச் செலவை ஏற்பார். இது தலைகீழாகும் இடத்தில் ஆபத்து இருக்கிறது.

2022-ல் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேரை, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், எழுத்தர் வேலை என்று நம்பவைத்து ஒரு கும்பல் மொத்தம் ரூ.2.67 கோடி பறித்தது. புதுதில்லி ரயில் நிலையத்து நடைமேடைகளில் தினமும் 8 மணி நேரம், சுமார் ஒரு மாதம், வந்து போகும் வண்டிகளையும் பெட்டிகளையும் எண்ண வைத்தார்கள். அதுதான் பயிற்சியாம்! அவர்களில் பலர் பொறியியல் படித்தவர்கள். ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தச் செய்தி எனக்கு மிகுந்த வேதனை தந்தது. வண்டியை எண்ணும் பயிற்சி என்று ஒன்று ரயில்வேயில் கிடையாது. இதைச் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு ரயில்வேக்காரர் இல்லாமல் போனார்.

2018-ல் ரயில்வே பணியிடங்களுக்கு இணையம் வழியாக 2 கோடிக்கும் அதிகமான விண்ணப்பங்கள் வந்தன. அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது குறுக்கு வழி காட்டுபவனுக்கு வாடிக்கையாளர் கிடைக்கத்தான் செய்வார்கள். ஆனால் வழி ஒன்றுதான்: ரயில்வே தேர்வு வாரியத்தின் சொந்தத் தளத்தில் விண்ணப்பம், பிறகு கணிப்பொறித் தேர்வு. 2018-ல் பொதுப் பிரிவினருக்குத் தேர்வுக் கட்டணம் ரூ.500, எழுதியவருக்கு அதில் ரூ.400 திரும்பக் கிடைத்தது. லட்சங்கள் எங்கும் இல்லை.

ஆகவே அன்பர்களே, 'பதிவுக் கட்டணம்', 'பயிற்சிக் கட்டணம்', 'வைப்புத் தொகை' என்று எவர் கேட்டாலும், பணம் கட்டும் முன் அந்தக் கடிதத்தை நம் சங்கக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். ரயில்வே, வங்கி, துறைமுகம், தபால் துறை என்று பல இடங்களில் பணியாற்றியவர்கள் நம்மிடையே இருக்கிறோம். பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அதற்குக் கட்டணமும் இல்லை.