பழைய கணினியை இயக்கிப் பார்ப்போம்



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் பள்ளியின் பழைய சாமான் அறையைச் சுத்தம் செய்தோம். உடைந்த மேசைகளுக்கு அடியில், சாக்கில் சுற்றிய ஒரு பெட்டி கிடைத்தது. ஒரு தோட்ட அலுவலகம் மூடப்பட்டபோது யாரோ பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போன, 1980களைச் சேர்ந்த கணினி அது. நாம் பேச்சில் கம்ப்யூட்டர் என்று சொல்லும் இயந்திரம்தான். அதைச் சுற்றி நின்ற பிள்ளைகள், "எந்த இடத்தைத் தடவ வேண்டும், சார்?" என்று கேட்டார்கள். வேலைக்குத் துணையாக வந்திருந்த ஒரு தாத்தாவோ, "தொடாதீங்கப்பா, கெட்டுப் போச்சுன்னா யார் காசு கட்டுறது?" என்றார்.

பிள்ளைகள் கைத்தொலைபேசியை நாள்தோறும் தடவுகிறார்கள்; அதற்குள் என்ன நடக்கிறதென்று அறிய மாட்டார்கள். பெரியவர்களோ பயந்தே ஒதுங்கிவிட்டார்கள். இந்த இரு சாராருக்கும் நல்ல பாடம் சொல்லித் தரக்கூடியது அந்தப் பழைய பெட்டி. ஆகவே, அதை எப்படிப் பூட்டி, எப்படி இயக்குவது என்று இன்று பார்ப்போம்.

முதலில் இதன் வரலாற்றைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். மலேசியாவில் முதல் கணினி 1966ஆம் ஆண்டில் தேசிய மின்சார வாரியத்தில் நிறுவப்பட்டது. அக்காலத்துக் கணினி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும்; பயிற்சி பெற்ற சிலரே அதை இயக்குவார்கள். மேசைமேல் வைத்து ஒருவரே பயன்படுத்தக்கூடிய சிறு கணினிகள் 1970களில்தான் வந்தன. 1977இல் அமெரிக்காவில் ஆப்பிள் 2 விற்பனைக்கு வந்தது. 1981 ஆகஸ்டு 12ஆம் தேதி ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை அறிவித்தது. அதன் தொடக்க விலை 1,565 அமெரிக்க டாலர். அந்த விலைக்குத் திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்துக்கொள்ள வேண்டும். எழுதியதைச் சேமிக்கப் பாட்டுக் கேட்கும் ஒலிநாடாதான். அதன் நினைவகம் 16 கிலோபைட். ஒரு கிலோபைட் என்பது 1,024 எழுத்துகள் கொள்ளும் இடம். அப்படியானால் மொத்தம் 16,384 எழுத்துகள். பள்ளிக் கட்டுரைகள் சிலவற்றுக்கே அது போதும். எனினும் அந்த அமைப்பைப் பின்பற்றித்தான் பல நிறுவனங்கள் கணினி செய்தன. எங்களுக்குக் கிடைத்ததும் அந்த வகையே.

இனி, பெட்டியை எப்படிப் பூட்டுவது என்று பார்ப்போம். பகுதிகள் மூன்று: உள்ளே இயந்திரம் இருக்கும் பெட்டி, தொலைக்காட்சி போன்ற திரை, தட்டச்சுப் பொறி போன்ற விசைப்பலகை. ஒவ்வொரு கம்பியின் முனையும் வேறு வேறு வடிவில் இருக்கும்; அதனதன் துளையில்தான் நுழையும். நுழையவில்லை என்றால் அழுத்தக் கூடாது. திருப்பிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஊசிகள் வளைந்துவிட்டால் நிமிர்த்துவது கடினம்.

அடுத்தது மின்சாரம். நம் மலாயாவில் மின்சாரம் முதலில் வந்தது நமக்குப் பக்கத்து ஊரான ரவாங்கில்தான் என்பது பலருக்குத் தெரியாது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவிய தம்புசாமி பிள்ளையும், தொழிலதிபர் லோக் இயூவும் 1894இல் அங்கே தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக மின்னாக்கி வைத்தார்கள். ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் நம் லயங்கள் பலவற்றில் தோட்டத்து இன்ஜின் ஓடும் சில மணி நேரம் மட்டுமே விளக்கு எரிந்தது. இன்ஜின் நின்றால் இருட்டு. இதை மனத்தில் வையுங்கள். பின்னர் இது உதவும்.

அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். நம் நாட்டில் 230. பழைய பெட்டிகள் பலவற்றின் பின்புறம், எந்த அளவு மின்சாரம் என்று மாற்றி வைக்கும் சிறிய சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். அது தவறான பக்கத்தில் இருந்தால், சுவிட்சைப் போட்ட கணமே இயந்திரம் புகைந்துவிடும். முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

பல்லாண்டு கிடந்த பெட்டி என்றால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. உள்ளே மின்தேக்கி என்னும் உறுப்புகள் பழுதடைந்து வெடிக்கலாம். ஆகவே மின்வேலை கற்றவர் ஒருவரிடம் காட்டிச் சோதித்த பிறகே பிளக்கைச் செருக வேண்டும். திரைப் பெட்டியைப் பிள்ளைகள் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் தட்டைச் செருகலாம். தட்டு என்றால் சோற்றுத் தட்டு அல்ல. பிளாப்பி என்னும் காந்தத் தட்டு. 5¼ அங்குலச் சதுர உறைக்குள் இருக்கும் மெல்லிய வட்டம். உறையில் ஒரு நீள் துளை வழியாக அந்த வட்டம் தெரியும். அந்த இடத்தில் விரல் படக் கூடாது. தட்டை மடக்கக் கூடாது. வெயிலில் வைக்கக் கூடாது. வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி போன்ற காந்தத்தின் அருகிலும் வைக்கக் கூடாது. நம் ஊர் ஈரக் காற்றில் பழைய தட்டுகளில் பூஞ்சை பிடிப்பதுண்டு. பூஞ்சை பிடித்த தட்டைச் செருகினால், அதைப் படிக்கும் கருவியும் அழுக்காகி, அடுத்த நல்ல தட்டும் கெடும்.

தட்டைச் செருகிக் கதவை மூடி, சுவிட்சைப் போடுகிறோம். இயந்திரம் சில விநாடிகள் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். எல்லாம் நலம் என்றால் 'பீப்' என்று ஒரே ஒரு சிறு ஓசை வரும். பிறகு தட்டு சுழலும் ஓசை. அதன்பின் திரையில் ஒரு கேள்வி தோன்றும்: இன்று என்ன தேதி?

எங்கள் பிள்ளைகள் இதைக் கண்டு சிரித்துவிட்டார்கள். "இதுக்குத் தேதிகூடத் தெரியாதா, சார்?" தெரியாதுதான். தொடக்க காலத்து ஐ.பி.எம். கணினியில், மின்சாரம் நின்ற பிறகும் ஓடுகிற கடிகாரம் இல்லை. ஒவ்வொரு முறை போடும்போதும், நாள் 1980 ஜனவரி 1 என்றே அது தொடங்கும். சரியான தேதியை நாம்தான் சொல்ல வேண்டும். அதுவும் அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் வைத்து. டிசம்பர் 5 என்று நினைத்து நம் வழக்கப்படி 5-12 என்று தொடங்கித் தட்டினால், மே மாதம் 12ஆம் தேதி என்று எடுத்துக்கொள்ளும். மறுபேச்சுப் பேசாது, சந்தேகமும் படாது. நாம் சொன்னதைச் சொன்னபடியே நம்பும். நேயர்களே, கணினியைப் பற்றி வேறு எதை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

தேதியைச் சொன்னதும் திரையில் ஏ என்ற ஆங்கில எழுத்தும், பக்கத்தில் ஓர் அம்புமுனையும் தோன்றும். படம் இல்லை, வண்ணம் இல்லை. 'உத்தரவு என்ன?' என்று காத்து நிற்பதற்கு அடையாளம் அது. நாம் உத்தரவைத் தட்டிவிட்டு, 'என்டர்' என்னும் விசையை அழுத்த வேண்டும். அழுத்தும் வரை ஒன்றும் நடக்காது. இதை அறியாமல், இயந்திரம் கெட்டுவிட்டது என்று எண்ணியவர்கள் உண்டு. தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு வேறொரு தொல்லை. பழைய தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி விசை கிடையாது. சிறிய 'எல்' எழுத்தையே தட்டுவார்கள். பூச்சியத்துக்கு 'ஓ' எழுத்து. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு அவை வேறு வேறு.

தவறாகத் தட்டினால் என்ன ஆகும்? 'இந்த உத்தரவு புரியவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அவ்வளவுதான். திருத்தித் தட்டலாம். எந்த விசையை அழுத்தினாலும் இயந்திரம் வெடிக்காது. ஆனால் 'பார்மட்' என்ற உத்தரவில் மட்டும் கவனம் வேண்டும். புதுத் தட்டைப் பண்படுத்தும் உத்தரவு அது. எழுதிய தட்டில் கொடுத்தால், அதில் உள்ளதெல்லாம் போய்விடும்.

இங்கேதான் தோட்டத்து இன்ஜினை நினைத்துப் பார்க்க வேண்டும். நாம் தட்டுவதெல்லாம் முதலில் நினைவகத்தில் இருக்கும். அது கரும்பலகை போன்றது. மின்சாரம் நின்றால் யாரோ துடைத்துவிட்டது போல எல்லாம் மறைந்துவிடும். காந்தத் தட்டு, நோட்டுப் புத்தகம் போன்றது. மின்சாரம் நின்றாலும் எழுத்து நிற்கும். ஆகவே கொஞ்சம் எழுதியதும் தட்டில் சேமித்துவிட வேண்டும். முக்கியமான தட்டுக்கு ஒரு நகலும் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும்.

இப்போது நாம் ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுப்போம். பால் மரம் வெட்டியவர்களுக்குத் தெரிந்த கணக்கே போதும். பாலை நிறுத்து, மெட்ரோலாக் என்னும் மிதவையால் சோதித்து, அதில் உலர் ரப்பர் நூற்றுக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள் அல்லவா? 'பேசிக்' என்னும் எளிய கணினி மொழியில் அதை நான்கு வரிகளில் எழுதலாம். முதல் வரி: பால் எத்தனை கிலோ என்று கேள். இரண்டாம் வரி: நூற்றுக்கு எவ்வளவு என்று கேள். மூன்றாம் வரி: இரண்டையும் பெருக்கி நூறால் வகு. நான்காம் வரி: விடையைத் திரையில் காட்டு. எழுதி முடித்து 'ரன்', அதாவது ஓடு, என்று தட்ட வேண்டும். 24 கிலோ, நூற்றுக்கு 30 என்று கொடுத்தோம், 7.2 கிலோ என்று உடனே விடை வந்தது. மூன்றாம் வரியை ஒரு மாணவி தவறிப்போய் இரண்டாம் வரிக்கு முன்னால் வைத்தாள். விடை பூச்சியம் என்று வந்தது. கேட்பதற்கு முன்பே பெருக்கச் சொன்னால் இயந்திரம் என்ன செய்யும்? சொன்ன முறையில் செய்தது.

இந்தக் கணக்கை நாங்கள் எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில், நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலம் அது. எங்கள் லயத்தில் அடுத்த வீட்டு அத்தைக்கு ஒரு மாதம் சம்பளம் குறைந்து வந்தது. கையெழுத்துச் செக்ரோல் போய், கணினி அடித்த சீட்டு வந்த புதிது. அலுவலகத்தில் கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் போட்ட கணக்கும்மா, அது தப்பாகாது" என்றார்கள். எழுத்துகள் அச்சடித்தாற்போல் அழகாக இருந்தன. பலர் அதைக் கண்டே வாய் மூடித் திரும்பியிருப்பார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்புப் படித்த அத்தையின் மகள், தினமும் அம்மா சொன்ன நிறுவையை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். "பதினோராந் தேதி எனக்கு 21 கிலோ. பிள்ளை எழுதி வச்சிருக்குங்க, ஐயா" என்றார் அத்தை. நிறுவைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே 21, கணினியில் 12. தட்டியவர் விரல் மாறிவிட்டது. 9 கிலோ பால், நூற்றுக்கு 30 என்றால் 2.7 கிலோ உலர் ரப்பர். அதற்குரிய பணம் அடுத்த சம்பளத்தில் சேர்ந்து வந்தது.

கணினி பெருக்கியதில் தவறு இல்லை. ஊட்டிய எண்ணில்தான் தவறு. ஆகவே 'கம்ப்யூட்டர் சொல்கிறது' என்பது ஒரு கேள்விக்கு விடை ஆகாது. கம்ப்யூட்டருக்கு யார், என்ன சொன்னார்கள் என்று கேட்பதே முறை.

இப்படிச் சொல்லிக் கொடுக்கும் ஆள் நம்மிலும் தோன்றலாம். தொடக்கத்தில் அந்தக் கணினிகளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. ஐ.பி.எம். கணினியில் எழுத்துகளுக்கு இருந்த இடம் 256. ஆங்கில எழுத்து, எண், கோடு முதலியவையே அதை நிரப்பியிருந்தன. நம் எழுத்துகளோ 247. ஆனால் 'கொ' என்பதை ஒற்றைக் கொம்பு, 'க', கால் என்று பிரித்துச் சேர்த்தால், சில வடிவங்களைக் கொண்டே பல எழுத்துகளைக் காட்டிவிடலாம். நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் கணினியில் தமிழைக் கொண்டுவர முனைந்து, 'முரசு' என்னும் மென்பொருளை உருவாக்கினார். கைத்தொலைபேசியில் தமிழ் எழுத 2005இல் வந்த 'செல்லினம்' செயலியும் அவர் உருவாக்கியதே. இன்று நம் பிள்ளைகள் அம்மாவுக்குத் தமிழில் செய்தி அனுப்புகிறார்கள் என்றால், யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து இயந்திரத்துக்குத் தமிழ் கற்பித்ததால்தான்.

எங்கள் பள்ளியில் அந்தப் பழைய பெட்டி இப்போது மேசைமேல் இருக்கிறது. வாரம் ஒரு நாள், ஒவ்வொரு பிள்ளையாக வந்து தேதியைச் சொல்லி அதைத் தொடங்கி வைக்கிறார்கள். தாத்தாவும் ஒரு நாள் ஒற்றை விரலால் தேதியைத் தட்டிவிட்டுப் போனார்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கணினி எல்லார் வீட்டிலும் கிடைக்காது. சம்பளச் சீட்டு எல்லார் வீட்டுக்கும் வருகிறது. சம்பள விவரத்தைத் தொழிலாளிக்குத் தர வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஒரு சிறு நோட்டு வாங்கி, வேலை செய்த நாள், பால் நிறுவை அல்லது செம்பனைக் குலைக் கணக்கு, கூடுதல் நேரம் ஆகியவற்றை அன்றன்றே பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். சம்பளத்தன்று சீட்டையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து, சேமநிதி, சொக்சோ கழிவுகளோடு சேர்த்துப் பிள்ளைகள் கூட்டிப் பார்க்கட்டும். கணக்கு ஒத்துவந்தால் மகிழ்ச்சி. ஒத்துவராவிட்டால், நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், மரியாதையாகக் கேளுங்கள்.