கடற்கரைச் சாலையின் செந்நிற மாளிகை

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வடக்கு நோக்கி இராஜாஜி சாலையில் செல்வோர், இடப்புறத்தில் பழைய கட்டடங்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். அவற்றுள் செந்நிற மாளிகை ஒன்று, வளைவுகளும் குவிமாடங்களும் சிறு கோபுரங்களுமாக, ஓர் அரண்மனையைப்போல் எழுந்து நிற்கிறது. அரசர் எவரும் அங்கு வாழ்ந்ததில்லை. அது பாரத ஸ்டேட் வங்கியின் கட்டடம். பணத்தை எண்ணி வாங்கவும் எண்ணிக் கொடுக்கவும் நான்கு சுவரும் உறுதியான ஒரு பெட்டகமும் போதுமே! இத்தனை அலங்காரம் எதற்கு?

இவ்வினாவுக்கு விடை காண அந்த வங்கியின் பழைய பெயரிலிருந்து தொடங்கவேண்டும். கல்கத்தா, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகரங்களைத் தொடர்ந்து 1843இல் இங்குத் தோன்றியது மதராஸ் வங்கி. 1861ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை அரசுக்கு மாற்றும்வரை, தன் பெயரிலேயே பணத்தாள் வெளியிடும் அதிகாரம் அதற்கு இருந்தது. வெறும் தாளை மக்கள் பணமென ஏற்கவேண்டுமாயின், அதை அளிக்கும் நிறுவனம் நாளையும் இருக்கும் என்னும் நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கைக்குப் புறத்தோற்றம் ஒன்று தேவைப்பட்டது.

வங்கி தேர்ந்த இடம் 'பர்ஸ்ட் லைன் பீச்' எனப்பட்ட சாலை. பெயருக்கேற்ப, துறைமுகம் விரிவடையுமுன் கடல் இச்சாலைக்கு மிக அருகிலேயே இருந்தது. இன்று அலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கும் கடற்கரை இரயில் நிலையத்தின் பெயரே அதற்குச் சான்று. கப்பலில் வந்திறங்கும் வணிகர் கண்ணில் முதலில் படுபவை இவ்வரிசைக் கட்டடங்களே.

கட்டடத்திற்கு முதலில் வரைபடம் அளித்தவர் ஜெய்ப்பூரில் பணியாற்றிய சாமுவேல் ஜேக்கப். வடஇந்தியக் கட்டடங்களின் தூண், போதிகை, வளைவு, பலகணி ஆகியவற்றை அளவெடுத்து வரைந்து 1890 முதல் தொகுதிகளாக வெளியிட்டவர் அவர். ஆக்ராவின் வளைவையும் ஜெய்ப்பூரின் பலகணியையும் பிற ஊர்களில் எடுத்தாள அத்தொகுதிகள் வழிவகுத்தன. அவருடைய வரைபடத்தைத் திருத்தியமைத்தவர் ஹென்றி இர்வின். மைசூர் அரண்மனையை வடிவமைத்தவரும் இவரே. கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். உயர்நீதிமன்றம் உள்ளிட்ட சென்னையின் செந்நிறக் கட்டடங்கள் பல அவர் எழுப்பியவை. (கணிதமேதை இராமானுசன் தம் இறுதி நாள்களைக் கழித்த சேத்துப்பட்டு இல்லமும் இச்செட்டியாருக்கு உரியதே.) வரைந்தவர் பெயரைச் சொல்லும் நூல்கள், செங்கல் அடுக்கிய கொத்தர் பெயரைச் சொல்வதில்லை. இக்கட்டடம் 1897இல் நிறைவெய்தியது.

இதன் பாணியை 'இந்தோ சாரசனிக்' என்பர். முகலாயக் குவிமாடம், இராசபுத்திர மாடம், கூர்முனை வளைவு ஆகியன ஐரோப்பியத் திட்டத்தில் அமைந்த உட்கூடத்தைப் போர்த்தியிருக்கும். வளைவைச் சற்று உற்றுநோக்குக. ஒன்றையொன்று நெருக்கும் கற்கள் மேலிருந்துவரும் பாரத்தை இருபுறமும் தள்ளி இறக்குகின்றன. நெருக்கமே அவை விழாமல் காக்கிறது. வளைவு கூர்மையாகும்போது பக்கவாட்டு உந்துதல் குறைகிறது. எனவே அலங்காரமாகத் தோன்றும் அது, அடிப்படையில் ஒரு பொறியியல் தீர்வு. உள்ளே உயர்ந்த கூடமும், செதுக்கு வேலைப்பாடுடைய தூண்களும், வண்ணக் கண்ணாடிகளும் உள்ளன. 1857ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் ஆங்கிலேயர் தம்மை இந்திய அரசர்களின் வழித்தோன்றல்களாகக் காட்ட விழைந்ததன் வெளிப்பாடே இப்பாணி என்பர் ஆய்வாளர். அக்கருத்தில் உண்மையுண்டு. எனினும், தமிழகத்திற்கே உரிய கோயிற்கலை அருகிலிருக்க, ஆக்ராவை நாடியது ஏன் என்னும் வினா எஞ்சுகிறது.

அலங்காரம் அளித்த உறுதி எத்துணை வலிமையுடையது என்பதை 1906 காட்டியது. அதே சாலையில் இயங்கிய, பெருமதிப்புடைய அர்பத்நாட் நிறுவனம் அவ்வாண்டு அக்டோபரில் முறிந்தது. ஓய்வூதியம் பெறுவோர், கைம்பெண்கள், கோயில்கள் எனப் பலர் சேமிப்பை இழந்தனர். அதன் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். வைப்புத்தொகைக்கு அரசு சார்ந்த காப்பீடு 1962இல்தான் வந்தது. அன்று சேமிப்பாளருக்கு முகப்பைத் தவிர வேறு உத்தரவாதமில்லை. அவ்வீழ்ச்சியின் விளைவாக, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. மதராஸ் வங்கியோ நிலைத்து நின்று, 1921இல் பிற மாகாண வங்கிகளுடன் இணைந்து இம்பீரியல் வங்கியானது. அது 1955இல் பாரத ஸ்டேட் வங்கியாக மாறியது.

2014 ஜூலையில் இம்மாளிகையில் தீப்பற்றி, மேற்பகுதி பெரிதும் சேதமுற்றது. இத்தகைய கட்டடங்களைச் சீர்செய்வது எளிதன்று. சுண்ணாம்புச் சாந்தால் எழுந்த சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்புடையது. அதன்மீது சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். ஆகவே பழைய முறையிலேயே சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்துப் பூசவேண்டும். அவ்வேலை அறிந்த கொத்தர் இன்று மிகச் சிலரே உள்ளனர்.